சாப்பிட்டாயிற்று என்று சொன்ன பிள்ளைகள்

தபீதாள் டீச்சரைக் கோபக்காரி என்று சித்தூரில் இன்றும் சொல்கிறார்கள். எதற்காகக் கோபப்பட்டார் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அப்போது ஆந்திர மாநிலம் பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மிஷன் பள்ளி ஒன்றில் முதல் பாரத்துக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, அவர்தான் ஆங்கிலம். செய்து முடித்த வேலையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதை அவர் புத்தகத்தைத் திறந்து நடத்தமாட்டார். ஒரு பிள்ளையை எழுப்பிக் கதவைச் சாத்தச் சொல்வார். "ஐ ஹாவ் ஷட் த டோர்" என்று அவள் சொல்லும்போது கதவு சாத்தியே இருக்க வேண்டும். காற்றில் திறந்துகொண்டால் வாக்கியம் செல்லாது. கை கழுவியாயிற்று என்றால் ஈரக்கையை நீட்ட வேண்டும்.

"காட்ட முடியாதத சொல்லாதீங்க" என்பார்.

தினமும் வகுப்பு தொடங்குவது ஒரே கேள்வியில்தான். சாப்பிட்டாயிற்றா, "ஹாவ் யூ ஈட்டன்?" வகுப்பே சேர்ந்து, "யெஸ் டீச்சர், ஐ ஹாவ் ஈட்டன்" என்று கத்தும். யார் கேட்டாலும் ஆச்சு என்றுதானே நம் பக்கத்தில் சொல்வோம். வயிறு காய்ந்திருந்தாலும் கேட்டவரைச் சங்கடப்படுத்தமாட்டோம். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் தலைமையாசிரியர் தியோடர் ஒளிந்துகொண்டிருந்தார்.

பள்ளியோடு சேர்ந்த போர்டிங்கும் அவர் பொறுப்பு. முன்பு சென்னையிலிருந்து வந்த கிராண்ட், அரசு உதவிப் பணம், இப்போது புதுத் தலைநகரான கர்நூலிலிருந்து வர வேண்டும். வரவில்லை. போர்டிங் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சியை நிறுத்திவிட்டார். எந்த டீச்சரிடமும் மூச்சு விடவில்லை. பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டி, யார் கேட்டாலும் கஞ்சி குடித்ததாகச் சொல்ல வேண்டும் என்று மிரட்டியும் வைத்தார்.

திருப்பதியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். தபீதாள் பெருமையாகத் தன் வழக்கமான கேள்வியைப் போட்டார். வடமாலபேட்டைப் பக்கத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படித்த செங்கம்மா எழுந்தாள்.

"நோ டீச்சர். ஐ ஹாவ் நாட் ஈட்டன்."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, சரியாகச் சொல்லும்படி தெலுங்கில் திருத்தினார். "சரிகா செப்பு பாப்பா. யெஸ், ஐ ஹாவ் ஈட்டன்."

"இங்கிலீஷ் இன்னும் வரல சார், பட்டிக்காட்டுப் பொண்ணு" என்றார் தியோடர்.

வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சிரித்தார்கள். போர்டிங் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. தபீதாள் அதைப் பார்த்துவிட்டார்.

"செங்கம்மா, தமிழ்ல சொல்லு. காலையில இன்னா துன்ன?"

"ஒண்ணும் துன்னல டீச்சர். பொங்கல் லீவு முடிஞ்சி வந்ததுலேர்ந்து கஞ்சி ஊத்தறதில்ல."

"அப்ப தெனம் ஈட்டன் ஈட்டன்னு சொல்லிக்கினு இருந்தியே?"

"நீங்க ஆசையா கேக்கறீங்க, இல்லன்னு எப்பிடி சொல்றது? இன்னிக்கி பெரிய சாரு இருக்காரு. காட்டுன்னு சொல்லிட்டா இன்னாத்த காட்றது?"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தான் பாடம் பார்க்க வந்தவர், போர்டிங் வேறு ஆபீஸ் விஷயம் என்றார். ஒரு குழந்தை பசி என்று சொல்கிறது, அது வேறு ஆபீஸாம்.

தபீதாள் போர்டிங் பிள்ளைகளை எழுப்பி நேரே சமையல்கட்டுக்கு நடத்திப் போனார். அங்கே இன்ஸ்பெக்டருக்காகக் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"செல்லியம்மா, சோத்த எறக்கு. பசங்களுக்குப் போடு."

"ஐயோ, அது இன்ஸ்பெட்டருக்கும்மா" என்றாள் சமையல்காரி.

"அவரு காலையில துன்னுட்டுத்தான் வந்திருக்காரு."

தியோடர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உன் வேலைய மறந்துடு தபீதாள். அவரு நல்லா ரிப்போர்ட் எழுதலன்னா கிராண்ட் வராது, போர்டிங்கயே மூடிடுவாங்க. அப்ப இதுங்க எங்க போவும்?"

"உங்க வூட்ல இன்னிக்கி அடுப்பு எரிஞ்சுதா சார்?"

தியோடர் கொதிக்கும் குழம்பைப் பார்த்தார்.

"அத மொதல்ல அணைச்சிட்டு வாங்க. அப்பறம் கிராண்ட பத்தி பேசலாம்."

செல்லியம்மா தட்டுகளை எடுத்துப் பரப்பினாள். இன்ஸ்பெக்டர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

ஒரு வேளைச் சோறோடு தபீதாள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சபையார் எழுவதற்குள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். முன் வரிசையில் தியோடரும் அவர் மனைவி மேரியும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் திரும்பி மேரியைப் பார்த்தார்கள். மேரி கணவனைப் பார்த்தாள். அன்று மாலைக்குள் சபையார் வீடுகளிலிருந்து போர்டிங் வாசலுக்குக் கேழ்வரகு மாவும் நொய்யும் வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை காலை தியோடரே வந்து நின்று கஞ்சி ஊற்றச் சொன்னார். அதன் பிறகு அது நிற்கவில்லை.

கோடை விடுமுறையில் தபீதாளை வேலையை விட்டு அனுப்பினார்கள். காரணம், மேலதிகாரி முன்னால் ஒழுங்கீனம். பேச்சுக்குக்கூட ஒரு டீச்சர் வந்து வழியனுப்பவில்லை. திருப்பதியில் வேறு பள்ளியில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே ஆங்கிலம் நடத்தினார். அந்தக் கிராண்ட் கர்நூலிலிருந்து வந்ததா இல்லையா என்று அவர் ஒருநாளும் விசாரிக்கவில்லை.