கடல்மேல் நடந்த தங்கை

போன சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சின்னக் களேபரம். மீன் கடைக்குச் சைக்கிளில் வந்த ஐஸ் பார் ஒன்று, கயிறு அவிழ்ந்து ரோட்டில் விழுந்துவிட்டது. சாக்கும் மரத்தூளுமாக வழுக்கிக்கொண்டே வந்து, என் செருப்புக்குச் சற்று முன்னால் நின்றது. கூட்டம் துள்ளி ஒதுங்கியது. நான் மட்டும் நகரவில்லை.

"இன்னாம்மா, பயமே கெடையாதா ஒனக்கு?" என்றார் மீன்காரம்மா.

சிரித்துவிட்டு வந்தேன். ஐஸைப் பார்த்து நான் நடுநடுங்கிய நாள் ஒன்று உண்டு. அதை மார்க்கெட்டில் நின்று சொல்ல முடியுமா? இங்கே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. என் தங்கை கிரேஸ் ஒரு நர்ஸ். காசநோய் நர்ஸிங்கில் மேல்பயிற்சிக்காக ஃபின்லாந்து நாட்டுக்கு, அதன் தலைநகரமான ஹெல்சிங்கிக்குப் போனாள். பயிற்சி முடிந்தது. ஆள் வரவில்லை. வந்தது செய்திதான் — அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே பிரிவில் வேலை பார்க்கும் ஆர்வோ என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாளாம்.

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போனால் நாலு பேர் கேட்பார்களே!

நான் பள்ளிக்கூட டீச்சர். அந்தச் சமயம் இங்கிலாந்தில் ஒரு ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அப்பா எனக்குச் சொல்லி அனுப்பியது ஒரே வாக்கியம்: நீ ஊர் திரும்பும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அதென்ன, அடுத்த ஸ்டேஷனா? பிப்ரவரியில் லீவு கிடைத்ததும் ரயில், கப்பல், மறுபடி ரயில், மறுபடி கப்பல் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். மனதில் ஒரே முடிவுதான். கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

கிரேஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகா பயந்தாங்கொள்ளி. லாரியும் பஸ்ஸும் பறக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக்கொள்வாள் — நர்ஸ் உத்தியோகத்துக்குப் போன பிறகும்! அப்படிப்பட்ட பெண்ணை எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

அவளோ துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு நாள் முழுக்கத் தன்னோடும் ஆர்வோவோடும் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"சாயந்தரம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்க்கா. வான்னா வந்துடறேன்."

மறுநாள் காலை. ஊரே வேலைக்குப் போய்விட்டது, சூரியனைக் காணோம். காலை டிபன் முடிந்த பிறகுதான் சாவகாசமாக வந்தார். வந்தவரும் மேலே ஏறவில்லை... வீட்டுக் கூரைகளை ஒட்டியே நாள் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தார். வெயில் உண்டு, சூடு கிடையாது. அப்படி ஒரு வெயிலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

என் புடவைக்கு மேல் கிரேஸின் நீளக் கோட்டு. காலில் பூட்ஸ். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஊசி குத்தியது. விட்டால் புகை. வாசலில் நெடுநெடுவென்று ஒருவர் கம்பளிக் குல்லாயோடு காத்திருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, "வணக்கம் அக்கா" என்றார்.

ஆர்வோ. அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அரை மணி நேரம் அவர் வாயே திறக்கவில்லை.

நான் விடுவேனா? டிராமில் உட்கார்ந்ததும் இங்கிலீஷில் விசாரணையை ஆரம்பித்தேன். அப்பா அம்மா இருக்கிறார்களா, சர்ச்சுக்குப் போவதுண்டா, கிரேஸை எங்கே வைத்துக் குடித்தனம் நடத்துவதாக உத்தேசம்... எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில். குடிப்பீர்களா என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். அடுத்த ஸ்டாப் வரும்வரை யோசித்தார். பிறகு சொன்னார்: "கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம். கோடைக்காலத்தில் ஒரு நாள்... கொஞ்சம் அதிகம்."

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலைக் கேட்டதேயில்லை. கோபப்படுவதா, பாராட்டுவதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே பார்த்தால் கோபம் நிற்கிற ஊரா அது? மரங்களில் ஒரு இலை கிடையாது. ஆனால் ஒவ்வொரு குச்சியிலும் வெள்ளைப் பூ பூத்தது போலப் பனி. ஒரு பெரிய சதுக்கம். அதன் மேட்டில் மலைபோல் ஏறும் படிகள், உச்சியில் வெள்ளைவெளேரென்று ஒரு தேவாலயம். தரை வெள்ளை, படி வெள்ளை, சுவர் வெள்ளை. பச்சைக் கோபுரங்கள் மட்டும் ஆகாயத்தில் தனியாக மிதந்தன.

அங்கிருந்து இன்னொரு கோயிலுக்குப் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் அது கோயிலே இல்லை, வெறும் பாறை. பாறைக்குள் ஒரு வாசல். உள்ளே போனால்... பாறையைக் குடைந்து அப்படியே ஒரு சர்ச்! கரடுமுரடான கல்லே சுவர். மேலே ஒரு மாபெரும் செம்புத் தட்டு. தட்டைச் சுற்றிலும் கண்ணாடி, அதன் வழியே இறங்கும் வெளிச்சம். யாரோ மெதுவாகப் பியானோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பல்லாவரத்தில் வெடி வைத்து மலையை ஜல்லியாக்குவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பாறையை இப்படியும் உடைக்கலாமா? பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஜெபம் செய்யக் கண்ணை மூடினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை.

மத்தியானம் கடலுக்குப் போகலாம் என்றாள் கிரேஸ்.

போனோம். வெள்ளையாக ஒரு மைதானம். மைதானத்தில் கூட்டம். தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு அம்மாக்கள், நாய்கள், காலில் கட்டிய நீளப் பலகையில் சறுக்கிப் போகும் ஆட்கள்...

"கடல் எங்கடி?" என்றேன்.

"இதான்க்கா."

அலை இல்லை. சத்தம் இல்லை. அத்தனை பேரும் கடல்மேல் நடந்துகொண்டிருந்தார்கள்! நம் சேலையூர் ஏரியிலும் கோடையில் குறுக்கே நடப்பதுண்டு — தண்ணீர் வற்றிப்போனால். இங்கே தண்ணீர் இருக்கும்போதே நடக்கிறார்கள். இயேசுவின் சீடர் பேதுரு கடல்மேல் நடந்த கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன்! மூழ்கப்போனவரின் நடுக்கம் மட்டும் அதுவரை எனக்குப் புரிந்ததில்லை.

கிரேஸ் சாதாரணமாக இறங்கினாள். நான் ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலையும் வைத்தேன். கொஞ்ச தூரம் நடந்திருப்போம். காலுக்கடியில் எங்கோ ஆழத்தில், தூரத்து இடிபோல 'டும்' என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். என் கால்கள் நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

ஆர்வோ சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. குளிரில் பனிக்கட்டி இறுகும்போது வருகிற சத்தம் இது என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் ஒரு கிழவர் பனியில் துளை போட்டு, தூண்டிலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தத் துளைக்குள் என்னைப் பார்க்கச் சொன்னார் ஆர்வோ. குனிந்தேன். முழங்கை ஆழத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பனி. அதற்கும் கீழே, கன்னங்கரேலென்று... கடல். உயிரோடு அசைந்துகொண்டிருந்தது. பயம்தான். ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை. இப்படி ஒன்றைப் படைத்தவனை நினைத்து உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நிமிர்ந்தபோது கிரேஸ் வெகுதூரம் போய்விட்டிருந்தாள். எதிரே ஒரு குட்டித் தீவு. அதை நோக்கி, கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, தனியாக, வீட்டுக் கூடத்தில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தாள். ஒரு தடவைகூட யார் கையையும் தேடவில்லை. ஆர்வோ அவளைக் கூப்பிடவுமில்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இவளையா ஒருவன் ஏமாற்றினான் என்று நினைத்தோம்?

திரும்பி வந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. சூரியன் அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டார். பனி முழுக்க ரோஜா நிறம்.

"சொல்லுக்கா. பெட்டியைக் கட்டட்டுமா?"

கேட்டது விளையாட்டுக்கில்லை. நான் வா என்றிருந்தால் வந்திருப்பாள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை அவள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். ஆர்வோ அந்தப் பக்கம் திரும்பி, தீவை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் நாம் தூர தேசம் போகிறோம். கூடப் பிறந்தவளை முழுசாகப் பார்க்கவும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறதே!

பயிற்சி முடிந்து மீனம்பாக்கத்தில் நான் தனியாக இறங்கினேன். அப்பா என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டார். நான் பார்த்ததையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். டிராமில் கேட்ட பதிலையும் மறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டு, டம்ளர் சத்தம்தான்.

ஒரு நாள் காலை, பேப்பரைக் கீழே இறக்காமலே கேட்டார்.

"ஆளு பேசுவானா?"

"கேட்டா மட்டும் பேசுவாருப்பா."

பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது.

"நல்லது. நம்ம வீட்ல பேசறதுக்கு ஏற்கனவே ஆள் ஜாஸ்தி."

கல்யாணம் எங்கள் சர்ச்சிலேயே நடந்தது. மே மாதம், தாம்பரத்தில், கம்பளிக் கோட்டு சூட்டில்... பாவம், மாப்பிள்ளை!