மணி அடித்தபோது

அந்த அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்காரருக்கு ஒரு காலத்தில் 'பட்டாசு' என்று பெயர். யாராவது பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் போதும், வெடித்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். கடைசியில் மனைவிதான் அவரைப் புத்த தியான மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த பிக்கு மரமணி மாலை ஒன்றைக் கொடுத்தார். "ஒரு மணிக்கு ஒரு மந்திரம். எண்ணிக்கையை விரல் பாத்துக்கும், மனசு மந்திரத்துல இருக்கட்டும்."

ஓம் மணி பத்மே ஹூம். எல்லா உயிர் மேலும் கருணை பிறக்கச் சொல்லும் மந்திரம்.

அது வேலை செய்தது. கோபம் வந்தால் கை சட்டைப்பைக்குள் போகும், மணிகள் நகரும், வாய் திறக்காது. "பட்டாசு நமுத்துப்போச்சு" என்று காவலாளிகள் சிரித்தார்கள். ஒரு சுற்று தடைபடாமல் முடிந்தால் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு வந்திருந்தது.

அன்று மதியம் கீழ்த்தளத்து அறையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நூற்றெட்டு மணிகளில் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது லிஃப்டின் அபாய மணி அடித்தது. பெட்டி தூக்கி வருகிறவர்களின் முழங்கை பட்டு அது அடிக்கடி அடிப்பதுதான். முடித்துவிட்டுப் போவோம் என்று இருந்தார். மறுபடி அடித்தது. விட்டுவிட்டு அடித்தது. பிறகு ஓய்ந்தது. சுற்று முடியும் பெரிய மணியைத் தொட்டு, மாலையை நெற்றியில் ஒற்றிக்கொண்டுதான் எழுந்தார்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது. கையால் இயக்கிக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தால், துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். ஆஸ்துமாக்காரர். இன்ஹேலர் மேல்மாடியில், பையில்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். மேலாளர் லிஃப்ட்காரரின் தோளைத் தட்டினார். "நீங்க மட்டும் இல்லன்னா அந்தம்மா கதி என்ன ஆகியிருக்கும்!" எல்லோரும் கைதட்டினார்கள். இவருக்கு உடம்பு கூசியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அந்த அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று, லிஃப்ட்காரர் அவரைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க மணி அடிச்சது எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்தேன். முடிச்சுட்டு வரலாம்னு..."

அந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார். "மணிதான் ரிப்பேர்னு நெனச்சேன் தம்பி. அதான் கத்தினேன். கத்திக் கத்தியே மூச்சு போச்சு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மா லிஃப்ட் பக்கம் போகாமல் வாளியை எடுத்துக்கொண்டு படியேறினார், திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

லிஃப்ட்காரர் நேரே மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னார். ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அந்த வாரம் முழுக்க மாலை ஆணியில் தொங்கியது.

"பாவம், அது என்னங்க பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"சரி, உக்காருறேன். நடுவுல நீ கூப்பிடு. எழுந்து வர்றேனான்னு பாரு."

அவளும் கூப்பிட்டாள். பால் பொங்குது என்பாள், கதவைத் தட்டுறாங்க என்பாள். சில நாள் வேண்டுமென்றே. எந்த மணியில் இருந்தாலும் மாலையை வைத்துவிட்டு எழுந்தார். சுற்று முடிவது அபூர்வமாயிற்று.

வேலைக்குத் திரும்பியபின், காலையில் அந்த அம்மாவின் வாளியைத் தானே வாங்கிப் படியேறினார். முதலில் அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார். ஒருநாள் அந்த அம்மா லிஃப்ட் முன்னால் நின்றார்.

"முட்டி வலிக்குது. நீங்க கூட வர்றதா இருந்தா ஏறுறேன்."

இருவரும் ஏறினார்கள். மேலே கதவு திறந்ததும் அந்த அம்மா வாளியை வாங்கிக்கொண்டார். "நாளைக்கும் வாங்க." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.