வள்ளம் காத்திருந்த காலை

மண்டைதீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தடியில் பஸ் நகரவில்லை. முன்னால் லொறிகளும் ஓட்டோக்களும் நெருக்கி நின்றன.

"உந்த பஸ்சை விட்டிட்டு வள்ளத்திலை போயிருந்தால், இப்ப வீட்டிலை தேத்தண்ணி குடிச்சிருக்கலாம்," என்றார் பக்கத்தில் இருந்தவர். யன்னலால் கடற்சேற்று மணம் வந்தது.

பாலம் வராத காலத்தில், மண்டைதீவில் நான் ஐந்தாம் வகுப்பு முடித்து, வள்ளமேறி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் போன முதல் நாளும் இதே மணம். கரையில் ஆழமில்லாததால் வள்ளம் தள்ளித்தான் நிற்கும். எல்லோரும் உடுப்பை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய் ஏறுவார்கள். ஆம்பிளைகள் இருக்கிறார்களே என்று நான் பாவாடையைத் தூக்கவில்லை. சேறு சொட்ட வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மறுநாள் கரையோரத் தாழம்பற்றைக்குள் ஒளித்திருந்தேன். வள்ளக்கார அந்தோனி அண்ணை வள்ளத்தை எடுக்கவில்லை.

"என்ன அண்ணை, கச்சேரியிலை வேலைக்கு நேரம் போகுது," என்றார் ஒருவர்.

"பொறுங்கோ, ஒரு பிள்ளை வரவேணும். எல்லாரும் அங்காலை திரும்பி இருங்கோ. அது வெக்கப்படுது."

முணுமுணுக்காமல் எல்லோரும் திரும்பி இருந்தார்கள். அப்போதும் எனக்குக் கால் எழவில்லை. அதோடு என் படிப்பு நின்றது.

கனநேரம் பார்த்துவிட்டு அண்ணை கம்பை ஊன்றினார். வள்ளம் சின்னதாகி மறையும்வரை அதிலிருந்த ஒருவரும் கரைப்பக்கம் திரும்பவில்லை.