ஷாஜி முறுக்கிய கிளிப்

சூடான இரும்பில் ஈரத்துணி படும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே... பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு அது இப்போதும் காதில் கேட்கும். என்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் வெயிலில் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அது ஆறும்வரை தேவுடு காக்க வேண்டியதுதான்.

என் தங்கை மீனாவின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பாவின் காரில்தான் நாகர்கோவிலுக்குக் கிளம்பினோம். பாலராமபுரத்தில் நின்றது. பட்டுப்புடவையோடு அவள் முக்கால் மணி நேரம் ரோட்டோரம் நின்றாள். துணியை நனைக்க அவளுடைய குடிதண்ணீர் பாட்டிலைத்தான் நான் எடுத்தேன்.

"அண்ணா, கல்யாணத்துக்கு நான் பஸ்ஸிலே போனாலும் போவேன். இதிலே ஏறமாட்டேன், கேட்டியா?"

சுருக்கென்றது. அப்பா போன பிறகு அவர் ஞாபகமாக ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதில்தான் அவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிறு. சாயங்காலம் நாலு மணிக்கு வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நிற்க வேண்டும். சூட்டோடு அணைத்து, பத்து நிமிஷம் கழித்து அவள் கண்முன்னால் ஒரே சாவியில் கிளம்ப வேண்டும்.

அந்த ஞாயிறு காலைதான் பழைய கார் வைத்திருக்கும் எங்கள் நண்பர்கள் கூட்டம்... கரமனையில் நண்பன் ஷாஜி வீட்டு முற்றத்தில் ஆறு கார்கள். ஆறிலும் பழைய பம்ப்பைக் கழற்றிவிட்டு, பின்னால் டாங்க் பக்கத்தில், சூடு எட்டாத இடத்தில் எலக்ட்ரிக் பம்ப் வைப்பதாகத் திட்டம். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நாங்களேதான் வயரும் இழுத்தோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. சொந்த வண்டியில் யாரும் கை வைக்கக்கூடாது. சொந்த வண்டி என்றால் 'போதும், ஓடும்' என்று மனசு சமாதானம் சொல்லிவிடும். அதனால் என் காருக்கு ஷாஜி, அவனுடைய வெள்ளைக் காருக்கு நான்.

ஷாஜி என் வண்டிக்கு அடியில் படுத்தவன் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. பெட்ரோல் டியூபை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு கிளிப்பையும் முறுக்கிவிட்டு, விரலால் தடவி, முகர்ந்து பார்ப்பான். கசிவு இல்லை என்றால்தான் அடுத்தது. நானோ, கை அவன் வண்டியில், கண் என் வண்டியில்.

மத்தியானம் சர்ச் முடிந்து புஷ்பம் அக்கா வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, கிழக்கேகோட்டை பக்கம் கார் வயரிங் கடை வைத்திருந்தாள். எல்லா என்ஜினையும் சூடேற்றி அணைத்திருந்தோம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை. அதுவரை டீயும் பழம்பொரியும்.

அக்கா கிளாஸைக் கீழே வைத்தாள். "மக்கா, வண்டி எல்லாம் ஆஃப்தானே? பொறவு எங்கேருந்து இந்த டிக்டிக் சத்தம்?"

ஷாஜியின் காரில் யாரோ சாவியை முழுசாக அணைக்காமல் பாதியில் விட்டிருந்தார்கள். என்ஜின் நின்றிருந்தது, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், அடியில் ஒரு டியூப் கழன்று பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கிறது... நான் முறுக்கிய கிளிப்.

அக்கா ஓடிப்போய்ச் சாவியை அணைத்தாள். எல்லாருமாக வண்டியைத் தள்ளி நகர்த்தி, தரையில் மண்ணை அள்ளிப் போட்டோம்.

"என்ஜின் நின்னா பம்ப்பும் நிக்கணும். எங்கேயாவது இடிச்சுக் கெடக்கும்போ இது பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிட்டு இருக்கும். ஆறு வண்டியும் இப்பிடி வெளியே போவப்பிடாது" என்றாள் அக்கா.

"அக்கா, என் வண்டி ஒழுகலையே... நாளைக்குக் கல்யாணம்..." என்றேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"கல்யாணப் பொண்ணு ஏறுற வண்டியா? அப்போ மொதல்ல அதைத்தான் கழத்தணும்."

ஸ்கூட்டரில் போய், அடைத்த கடையைத் திறந்து, என்ஜின் நின்றால் கரண்டை வெட்டிவிடும் ரிலே ஆறு எடுத்துவந்தாள். அதன்பின் சாவி போட்டால் பம்ப் இரண்டு விநாடி டிக்டிக் என்று அடிக்கும். என்ஜின் ஓடினால்தான் மேற்கொண்டு கரண்ட். என்ன பெண் அவள்! சத்தத்தை வைத்தே ஆறு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

ஷாஜியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை எனக்கு. அவன் ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப என் கையிலேயே வைத்தான். "ஸாரமில்லடா. நீ தன்னே முறுக்கு" என்றான் மலையாளத்தில். பரவாயில்லை, நீயே முறுக்கு என்று.

இந்த முறை ஒவ்வொரு கிளிப்பையும் தடவி, முகர்ந்து பார்த்தேன்.

வீட்டு வாசலுக்குப் போகும்போது மணி ஐந்தரை. மீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் அவள் செல்போனில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாவி... டிக்டிக்... ஒரே தட்டில் ஸ்டார்ட்!

"இதிலே கிளிப்பு யாரு முறுக்கினா?"

"ஷாஜி."

"அப்போ நான் ஏறலாம்."

மறுநாள் நாகர்கோவில் வரை வண்டி எங்கேயும் மூச்சுவாங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், வழியெல்லாம் பின்னால் ஷாஜியின் வெள்ளைக் கார். முறுக்கியவன் கூடவே வருவேன் என்று கிளம்பிவிட்டான்.

இப்போது ஷாஜி ஷார்ஜாவில். அப்பாவின் கார் ஷெட்டில். என் புது கார் ஒருநாளும் வழியில் நின்றதில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வீஸுக்கு விட்டால் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து காபி கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் போக நமக்கு அனுமதி கிடையாது.

போன மாதம் மீனா வந்திருந்தாள். புது காரில் ஏறினாள். பட்டனை அமுக்கினேன், சத்தமே இல்லாமல் கிளம்பியது. இரண்டு விநாடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இதிலே கிளிப்பு யாரு முறுக்கினா?"

"தெரியாது மீனா" என்றேன்.