ஹோண்டுராஸில் ஒரு பனியன் மேனேஜர்

பனியன் கம்பெனி மேனேஜர் வேலை என்பது முதலாளிக்கும் டெய்லருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. திட்டு வாங்க நான் போன தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

சும்மா வாங்க

எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்கிற ஏற்றுமதிக் கோட்டா போய்விட்டது. டாலர் சரிந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் எங்களிடம் சரக்கு வாங்குகிற அமெரிக்க பையர் தன் சப்ளையர்களை எல்லாம் ஒரு உல்லாசக் கப்பலில் ஏற்றிக் கூட்டம் போட்டார். மயாமியில் ஏறி, நாலு ஊரில் நின்று, திரும்பவும் மயாமி. அடுத்த சீசன் ஆர்டர் யாருக்கு என்று கப்பலிலேயே முடிவாகும். எங்கள் மெயின் ஃபேக்டரி திருப்பூரில்; பக்கத்துப் பெருமாநல்லூர் யூனிட்டில் அவருடைய லேடீஸ் டீ-ஷர்ட் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது போனால் யூனிட்டே போன மாதிரி. யூனிட் என் பொறுப்பு.

சின்ன முதலாளிக்கு முப்பது வயசு இருக்கும். அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிற ஆள் என்பதால் என்னை மாமா என்பார். கம்பெனிக்கு ரெண்டு பேர் வரலாம்; தன் வீட்டுக்காரம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று என்னைக் கூப்பிட்டார். பையர் விலையைக் குறைக்கச் சொன்னால் எங்கே குறைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். கப்பலில் காலையிலிருந்து ராத்திரி வரை எல்லோரும் தின்றுகொண்டே இருந்தார்கள். "கூட்டத்துல நான் என்ன சொல்லோணும் தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க மாமா. நீங்க சும்மா வாங்க, கடலைப் பாருங்க."

மேப்பில் இல்லாத ஊர்

கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தபோது ஹோண்டுராஸ் வந்தது. அந்தத் துறைமுகத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. இருட்டுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பல்காரன் கொடுத்த மேப்பில் பீச்சும் நகைக்கடையும்தான் இருந்தன. ஊரைக் காணோம். நடந்தே பார்த்துவிடலாம் என்றேன். முதலாளி வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்தார்.

வெயில் நம்ம ஊர் வெயில்தான். ஆனால் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு நடக்கிற மாதிரி. தெரு நடுவே தண்டவாளம் ஓடியது. அதன் ஓரத்தில் ஒரு பெண் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரை வீடுகள். மூச்சு விடாமல் கன்டெய்னர் லாரிகள். கப்பலில் வந்தவர்களில் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு டாக்ஸிக்காரன் மட்டும் எங்கள் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். கடைசியில் அவனும் வெறுத்துப்போய், அரைகுறை இங்கிலீஷில் சொன்னான்:

"இந்தப் பக்கம் பார்க்க ஒண்ணுமில்லை சார். ஜனங்கதான் இருக்காங்க."

அடுத்தவன் பனியன்

திருப்பூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. துணி கண்ணில் பட்டால் கை நீளும். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவனின் டீ-ஷர்ட் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்போம். உங்களுக்கும் உண்டு, மறைக்காதீர்கள். நம்ம ஊரில் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். "நீங்க எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்பான்.

ஒரு ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் சாம்பல் நிற டீ-ஷர்ட் போட்ட ஒரு கட்டை ஆள். கை போய்விட்டது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பிக்பாக்கெட் என்று நினைத்துவிட்டான். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி "சாரி, சாரி" என்கிறார். "மாமா, கையை எடுங்க" என்கிறார். கையை அவன் விட்டால்தானே எடுப்பது? மிச்சமிருந்த கையால் என் பனியன் ஓரத்தைத் திருப்பிக் காட்டினேன். காலால் மிஷின் மிதித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். பையிலிருந்து கம்பெனி கார்டை எடுத்து நீட்டினான். அவனும் டெய்லர்.

தன் டீ-ஷர்ட் ஓரத்தை அவனே திருப்பிக் கொடுத்தான். பார்த்தேன். பாட்டம் மடிப்பு நேர்கோடு. ஒரு தையல் விடவில்லை. துவைத்துத் துவைத்து நைந்த துணி, ஆனால் சைடு தையல் முறுக்கவில்லை. குறை தேடினேன். கிடைக்கவில்லை. "எப்படிங்க மாமா?" என்றார் முதலாளி. "நல்லா இருக்குது தம்பி" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டு, தெரிந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையில் கேட்டான்:

"நான் தைச்சது. ஏன், பிடிக்கலையா?"

கேட்டுக்கு வெளியே

அவனே எங்களைத் தன் கம்பெனி வாசலுக்குக் கூட்டிப்போனான். துறைமுகத்தை ஒட்டிய காம்பவுண்டு. மதிலுக்குப் பின்னால் கிரேன் தெரிந்தது. சாப்பாட்டு நேரம். பெண்கள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, மூன்று நாலு பேராகக் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பெருமாநல்லூரில் நான் தினமும் பார்க்கிற அதே நடை.

முதலாளி வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தார். சரக்கு எங்கே போகிறது? அமெரிக்கா. எத்தனை நாள்? வாட்ச்மேன் கிரேனைக் காட்டி மூன்று விரலை நீட்டினான். நம் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் மாறி, அங்கே போய்ச் சேர ஒரு மாதம் ஆகும்.

அப்போது கேட் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு வேன் வெளியே வந்தது. உள்ளே எங்கள் பையர், அரை டிராயரும் தொப்பியுமாக, மடியில் சாம்பிள் கவருடன். காலையில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்ன மனுஷன். கூச்சம் கொஞ்சம்கூட இல்லை. கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:

"நடந்தா வந்தீங்க? சொல்லியிருந்தா நான் வண்டியிலேயே கூட்டிட்டு வந்திருப்பேனே."

ஒரு சீட்

வேனில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். "ஏறுங்க தம்பி" என்றேன்.

தனியாக நடந்தேன். கன்டெய்னர்களுக்கு நடுவில் வழி தவறி, சுற்றிக்கொண்டு வந்தேன். துணி வேஸ்ட்டை எப்படிக் குறைக்கலாம், ஓவர்டைமை எங்கே நிறுத்தலாம் என்று மனசுக்குள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டேன். கூட்டத்தில் பேசத்தான். கப்பல் மாடியில் முதலாளி ஜூஸ் கிளாஸோடு எனக்காகக் காத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. "கூட்டம் எப்பங்க?" என்றேன். எல்லாம் வேனிலேயே பேசி முடித்தாயிற்று என்றார்.

"பாதி ஆர்டர் இங்க போகுது, பாதி நம்மகிட்ட நிக்குதுங்க மாமா. அதைத் திருப்பூர்லயே ஓட்டிக்கலாம். பெருமாநல்லூரை மூடிட்டாப் போதும்."

மிட்டாய்

மூடுகிற விஷயத்தை யூனிட்டில் நான்தான் சொன்னேன். முதலாளி வரவில்லை. அவருக்கு மனசு தாங்காதாம். மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன். ஒருத்தன் பி.எஃப். எப்போது கிடைக்கும் என்று கேட்டான். மற்றவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் தேடினார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது அவர்களுக்கென்று ஏர்போர்ட்டில் சாக்லேட் டப்பா வாங்கியிருந்தேன். என்ன புத்தியோ, அதைக் கட்டிங் டேபிள் மேல் வைத்திருந்தேன். லைன் சூப்பர்வைசர் செல்வி தேனிப் பக்கத்துப் பெண். இந்த ஆர்டரை நம்பித்தான் தங்கச்சி குடும்பத்தையும் இங்கே வரவழைத்திருந்தாள். டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கப்பலேறிப் போயி எங்க சோத்தை அங்கன எறக்கி வச்சுட்டு வந்திருக்கீக. இதுல மிட்டாய் வேறயா?"

தையலில் குறை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லலாம். கடல் இவ்வளவு அகலம் என்கிற குறைக்கு எந்த மேனேஜரும் ஆல்ட்ரேஷன் போட முடியாது.