சேர்க்கை வரிசையில் ஓர் அம்மையார்

அயல்வீட்டுப் பெண்ணைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கச் சென்றிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இனயம் என்னும் கடற்கரை ஊரில் மீன் விற்கும் ஓர் அம்மையார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். விண்ணப்பத்தைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"மகள் வரவில்லையா அம்மா?" என்று வினவினேன்.

"அவ நர்ஸாயாச்சு. படிக்கப்போறது நானாக்கும். இங்க ஒரு வருஷம் கம்ப்யூட்டர். பெறவு பாலிடெக்னிக்குல நேரே ரெண்டாம் வருஷம் கேறலாம். அங்கயிருந்து இஞ்சினியரிங் காலேஜி."

"அதற்குள் ஐம்பதைத் தாண்டிவிடுமே?"

"தாண்டட்டும் அய்யா. மீன் விக்கியவளுக்கு ரிட்டையர்மென்டா இருக்கு?"

ஆயினும், அலுவலர் அவருடைய பிறந்த தேதியைக் கண்டு விதிமுறைத் தாளைப் புரட்டியபோது, அம்மையார் மறுபடியும் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தார்.

"பெண்களுக்கு வயது வரம்பு இல்லை" என்று கூறி அலுவலர் முத்திரையிட்டார்.

ஐந்தாம் வகுப்புக்குமேல் பள்ளி காணாத நான், "ஆண்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"நாற்பது."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். "அது போட்டு அய்யா, விடுங்க. நான் படிச்சிட்டு வந்து உங்களுக்குச் சொல்லித் தாறேன்."

எழுபது வயதில் எனக்குச் சேர்க்கை அளித்தவர் அவர் ஒருவரே. வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டுக்கொள்ளத்தான் தவறிவிட்டேன்.