வகுபடும், எதனால் என்று தெரியாது

போடியில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பல வருடங்களாக வகுப்பில் ஒரே எண்ணைக் காட்டிப் பெருமையடித்து வந்தேன். ஆயிரத்து இருநூற்று எழுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. எழுதினால் முன்னூற்று எண்பத்தைந்து இலக்கம் வரும். அது பகு எண், அதாவது சிறிய எண்கள் இரண்டின் பெருக்கற்பலன், என்பதில் சந்தேகமே இல்லை. அந்தச் சிறிய எண்கள் எவை என்றுதான் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிற என் தம்பிக்கு இந்தப் பேச்சே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கி வந்தால் என்னை வம்புக்கு இழுப்பான்.

“எதால வகுபடும்னு தெரியாதாம், ஆனா வகுபடுமாம். நல்லா இருக்குக்கா ஒங்க நாயம்.”

விட மாட்டேன். நான்கில் தொடங்கி, அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதிக்கும் அதையே செய்துகொண்டு போக வேண்டும். குறித்த படியில் மீதி பூஜ்யமானால் பகா எண். இதற்குப் பூஜ்யம் வரவில்லை. அதன் பகாக் காரணி எதுவானாலும் 2554ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும் என்பதும் தெரியும். அங்க அடையாளம் இருக்கிறது, ஆள்தான் அகப்படவில்லை என்பேன்.

“அப்ப போலீசுல சொல்லு” என்று சிரிப்பான்.

போன மழைக்காலத்தில் மருந்து அடிக்கும்போது ஹோஸ் பிய்த்துக்கொண்டு அவன் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. இருந்த சோலியை முடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது வாயில் நுரை, உடம்பெல்லாம் துடிப்பு.

“ஒரு வெஷத்துக்கு முறிவு மருந்து போட்டிருக்கோம், கொஞ்சம் கேக்குது. வேற என்னமோ சேந்திருக்கும்மா. என்ன மருந்துன்னு வெரசா கேட்டுட்டு வாங்க” என்றார் டாக்டர்.

தம்பி மனைவியை அவனருகில் விட்டுவிட்டு மலையேறினேன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. இலைப்பேனுக்கு, புழுவுக்கு, அழுகலுக்கு என்று தனித்தனியாக அடித்தால் கூலி கூடும் என்று எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்குவார்கள். காய் நன்றாகப் பிடித்துவிட்டால் அந்தக் கலவை தோட்டத்தின் ரகசியமாகிவிடும். பக்கத்துத் தோட்டக்காரன் தெரிந்துகொள்ளக் கூடாதென்று கேன்களில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். மிச்சம் மீதியையும் அடுத்த கலவையிலேயே ஊற்றிவிடுவார்கள்.

டிரம்மருகில் நின்ற மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

“சத்தியமா தெரியாது டீச்சரே. மொதலாளி கேன் குடுப்பாரு, நாங்க ஊத்துவோம். எதுல எது இருக்குன்னு யாரு கண்டா?”

முதலாளியோ போனை எடுக்கவே இல்லை. டிரம்மின் அடியில் கிடந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்தேன். பாலைப் போல வெளுத்திருந்தது. டாக்டர் வாங்கிப் பார்த்தார். இதைப் பிரித்துப் பார்க்க மதுரைக்கு அனுப்ப வேண்டும், நாளாகும் என்றார். கலப்பதற்கு ஒரு குச்சி போதும். பிரிக்க ஊரில் வழியில்லை. பெருக்குவது சுலபம், பிரிப்பது கடினம் என்று எத்தனை வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்! அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பாட்டில் மதுரை போய்ச் சேருவதற்குள் தம்பி போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுவாரம் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தாள். அதே தோட்டத்தில் அவளுக்குக் காய் பறிக்கும் வேலை. மேஸ்திரி வரச் சொல்லி ஆள் விட்டிருந்தாராம்.

“போகாத. அந்த மருந்துதான் அவனக் கொன்னுச்சு” என்றேன்.

“எந்த மருந்து மதினி?” என்று கேட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தோட்டத்துக்குப் போகிற ஜீப்புக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள்.